லாஞ்சு கரைக்கு வந்த பிறகு

அங்கம்மாக்கா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாளே என்னோடு சண்டை போட்டார். ஜன்னலோரக் கட்டில்தான் வேண்டுமாம். அங்கே ஏற்கெனவே ஒரு அம்மா படுத்திருக்கிறார் என்றேன். "அது தூங்கிக்கினுதானே கீது? தூங்கற கண்ணுக்கு ஜன்னலு இன்னாத்துக்கு?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். நானும் பதிலுக்குக் கத்தினேன். கடைசியில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவே எழுந்து, "தாயே, நீயே படுத்துக்கோ, என்னைத் தூங்க வுடு" என்று கட்டிலை மாற்றிக்கொண்டார்.

என் பெயர் பிலோமி. திருவொற்றியூரில் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில், மாடியில் இருந்த பெண்கள் வார்டில், நர்சாக இருந்தேன். சொந்த ஊர் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கடல்தான் எங்கள் வீட்டுக்கும் சோறு போட்டது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குள் போனதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அங்கம்மாக்கா எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர். காசிமேட்டில் மீன் ஏலம் விடுவார். லாஞ்சில், அதாவது விசைப்படகில், வந்த மீனைக் கரையில் கொட்டிக் கூறு கட்டி, வியாபாரிகளிடம் விலையை ஏற்றி ஏற்றி விற்றுக் கொடுக்கும் வேலை. அவருக்கு மைக் தேவையில்லை. அவர் வைத்திருந்த ஒரே சட்டம், கூடையைக் கவிழ்த்துக் காட்டாமல் ஏலம் தொடங்காது என்பது. மேலே நாலு பெரிய மீனை வைத்து அடியில் பொடியை மறைக்கிற வித்தையெல்லாம் அவரிடம் பலிக்காது.

வீட்டுக்காரர் போன லாஞ்சு ஒரு புயலில் திரும்பி வரவேயில்லை. மகன் தண்டபாணி அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஏலக் குரலை வைத்தே அவனை ஆளாக்கினார். அவனும் கடலுக்குத்தான் போனான். இப்போது அவன் லாஞ்சு ஓட்டுகிறவன், ஒருமுறை போனால் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கிவிட்டு வருவான். அதனால்தான் அக்காவுக்கு ஜன்னல் வேண்டியிருந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கும் பாறைகளுக்கும் அப்பால் அங்கிருந்து ஒரு கீற்று கடல் தெரியும்.

மார்பில் வந்த கட்டியை நகரத்தில் ஏற்கெனவே அறுத்து எடுத்திருந்தார்கள். அது நுரையீரலில் திரும்ப வந்திருந்தது. நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும், நாங்கள் ஊசி போட்டு எடுப்போம், சிலநாள் நன்றாக இருப்பார், மறுபடி முட்டும். குணமாகாது என்று தண்டபாணியிடம் டாக்டர் சொல்லியிருந்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்கம்மாவாண்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்காது" என்று கேட்டுக்கொண்டான். டாக்டர்களுக்கு இதைவிட நிம்மதி வேறு என்ன. வாயைத் திறக்க வேண்டாமே.

டாக்டர் மகிழினி வியாசர்பாடிப் பெண். அப்பா நீலமேகம் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். வேலையில் மகிழினி எனக்கு மேலே, வயதில் என் தங்கை மாதிரி. அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். கைராசிக்காரி, சுறுசுறுப்பானவள். ஆனால் நோயாளி சாகப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், நாடியைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிடுவாள்.

எனக்கு அது பொறுக்காது. அதற்கு முந்தின வருஷம் புளியந்தோப்பிலிருந்து ஒரு அம்மா இருந்தார். மூச்சுத் திணறியதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே வாயில் குழாயோடு, கையைக் கட்டிப் போட்ட நிலையில், மகளைக் கூடப் பக்கத்தில் விடாமல் உயிர் போனது. அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அந்த மகள் எங்கள் வார்டு வாசலில் வந்து நின்ற முகம் என்னை விடவில்லை.

அதனால் மகிழினியை நச்சரிக்க ஆரம்பித்தேன். "டாக்டர், ஜன்னலோர அம்மாவாண்ட பேசினீங்களா?" காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.

"நேரம் இல்ல சிஸ்டர்."

"டீ குடிக்க நேரம் கீதே."

ஒருநாள் டீ கிளாசை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஊசி எங்க குத்தணும்னு சொல்லிக் குடுத்தாங்க சிஸ்டர். இத்த எப்படிக் கேக்கணும்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. கேட்டு அவங்க உடைஞ்சி போயிட்டா நான் இன்னா பண்றது?"

அவள் கண் கலங்கியிருந்தது. என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. "எனக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல. வா, கேட்டுப் பார்த்துப் பழகலாம்" என்று டியூட்டி ரூம் கட்டிலில் நானே ஏறிப் படுத்துக்கொண்டேன்.

நான் நோயாளி, அவள் டாக்டர். முதல் தடவை அவள், "உங்களுக்கு நோய் முற்றிய நிலையில்..." என்று ஆரம்பிக்க, "எழுந்து போம்மா அப்பால" என்றேன். இரண்டாம் தடவை ரேடியோ செய்தி மாதிரி வந்தது. ஆயா அஜீசா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, "நான் படுத்துக்கினு இருந்தா என்னாண்ட இன்னா கேப்பியோ, அத்தக் கேளு டாக்டர்" என்றாள். மகிழினி என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு இப்ப எது பயமா கீது? எது வேணும், எது வேணாம்? ஒடம்பு ரொம்ப முடியாம போனா நாங்க இன்னா பண்ணணும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டாள். வியாசர்பாடித் தமிழில் கேட்டதும் கேள்வி கேள்வியாக இருந்தது.

மறுநாளே கேட்டுவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டாள். நான் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மருமகள் ரேகா கால்மாட்டில் இருந்தாள்.

அங்கம்மாக்காவின் முகம் மாறிப்போனது. நாளெல்லாம் வாய் ஓயாத மனுஷி, உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகிழினி இன்னொருமுறை கேட்டாள். "எனக்கு ஒன்னியும் ஆவாது. நான் சோக்காத்தான் கீறேன். எல்லாத்தயும் பண்ணு, எல்லா வைத்தியத்தயும் பண்ணு. இப்ப வேற பேச்சு பேசு" என்றார். பிறகு வஞ்சிரம் விலை ஏறிவிட்டதைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்கினார். ரேகா எங்களைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ரேகாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கதான் அவங்க வாயை அடைச்சி வெச்சிருக்கீங்க" என்று வெடுவெடுவெனக் கேட்டேன். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள், மென்று விழுங்கினாள், "நான் இப்ப சொல்லக் கூடாது சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரியான கல்லுளிமங்கி என்று திட்டிக்கொண்டேன்.

மகிழினிக்கு ஒரு பக்கம் ஏமாற்றம், ஒரு பக்கம் நிம்மதி. "கேட்டாச்சு சிஸ்டர். எல்லாம் பண்ணச் சொல்றாங்க. அப்ப எல்லாம் பண்ணிடலாம்" என்றாள். அவர் வாயால் சொன்னதுதானே, எனக்கும் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் மூச்சு மறுபடி முட்டியது. இந்த முறை முன்பு போல இல்லை. காலைச் சாப்பாடு கொடுக்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் வைத்தோம். தண்ணீரை எடுக்கும்போது மூச்சு நின்றுபோனால் செயற்கை மூச்சு மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மகிழினியின் கணக்கு. எங்களிடம் மெஷின் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், இடம் கிடைத்தது, ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

புளியந்தோப்பு அம்மாவை இறக்கியதும் அதே ஸ்ட்ரெச்சரில்தான். "டாக்டர், வேணாம்" என்றேன். "அவங்களே சொன்னாங்களே சிஸ்டர், எல்லாத்தயும் பண்ணுன்னு. நீங்களும்தானே கேட்டுக்கினு இருந்தீங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஒருவர் விருப்பத்தைக் கேட்கச் சொல்லிவிட்டு, எனக்குப் பிடிக்காத பதில் வந்ததும் மீறச் சொன்னால் அது என்ன நியாயம்? வார்டு பையன்கள் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி வைத்தார்கள்.

அப்போது ரேகா படியேறி ஓடி வந்தாள். கீழே ரிசப்ஷன் போனுக்குக் காசிமேட்டிலிருந்து யாரோ பேசியிருக்கிறார்கள். மூச்சு வாங்க மாமியார் காதருகே குனிந்து, "அத்தே, லாஞ்சு வந்துடுச்சி. கரையில கட்டிட்டாங்களாம். அவரு வந்துகினு கீறாரு" என்றாள்.

அங்கம்மாக்கா கண்ணை மூடித் திறந்தார். முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கையால் இழுத்துக் கழுத்துக்கு இறக்கினார். மகிழினியின் கோட்டு நுனியைப் பிடித்தார்.

"இப்ப கேளு."

மகிழினிக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"அன்னிக்கு கேட்டியே. அத்த... இப்ப கேளு."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். மகிழினி தரையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எது பயமாக இருக்கிறது, எது வேண்டும், எது வேண்டாம் என்று அதே கேள்விகளைக் கேட்டாள்.

"குழா வேணாம்," என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடினார். "மெஷினு வேணாம். தண்ணிய இங்கயே எடு. அதுல போனா போறேன், உன் மேல பழி இல்ல. பொழச்சா வூட்டுக்கு அனுப்பு. வலிக்கு மருந்து குடு. கடைசில... புள்ள கையால ரெண்டு வாய் தண்ணி. என் வூட்ல. அவ்ளோதான்."

"உங்க மகன் வேற மாதிரி சொன்னாருன்னா?"

"அவனாண்ட நான் பேசிக்கறேன். அதான் கரைக்கு வந்துட்டானே."

மகிழினி எழுந்தாள். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு ஊசியைக் கொண்டுவரச் சொன்னாள். அக்காவை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலில் இறங்க இறங்க, என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு மெல்ல நீளமானது. சாக விடப்போகிறோம் என்று நான் நினைத்த மனுஷி, கொஞ்ச நேரத்தில், "சிஸ்டரு, நீ ஏன் இப்படி வேர்க்கற?" என்று கேட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ரேகா உடைந்து அழுதாள். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் வீட்டில், ஆம்பளை கடல்மேல் இருக்கும்போது சாவைப் பற்றி யாரும் பேசக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. அக்காவின் வீட்டுக்காரர் திரும்பி வராத அந்தப் பயணத்தின்போது, வீட்டில் ஒரு சொந்தக்காரரின் கருமாதிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து அக்கா அந்த விஷயத்தில் கல். நாங்கள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்ட அன்று தண்டபாணி நடுக்கடலில் இருந்தான்.

"இத்த அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுதானே?" என்றேன்.

"அத்தச் சொன்னா அதுவும் சாவுப் பேச்சுதானே சிஸ்டர்," என்றாள் ரேகா.

யாரும் கடலுக்குள் போகாத வீட்டில் வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. மகிழினி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்கப்பா யார்டுக்குக் கிளம்பினா அம்மா உடனே வூடு பெருக்காது. அவர் போய்ச் சேர்ந்திருப்பாருன்னு தோணின அப்பால தான் தொடப்பத்தைத் தொடும். நான் டாக்டருக்குப் படிச்சவ, இன்னிக்கும் அப்படித்தான் பண்றேன்" என்றாள். பிறகு, "அவங்க எனக்குப் பதில் சொல்லல சிஸ்டர். புள்ளையக் காப்பாத்திக்கினு இருந்தாங்க. நான் அத்தப் பதிலுன்னு எடுத்துக்கினேன்" என்றாள்.

தண்டபாணி மதியத்துக்குள் வந்தான். குளிக்கக்கூட இல்லை, லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. விஷயம் கேள்விப்பட்டதும் மகிழினியிடம் பாய்ந்தான். "சொல்லாதீங்கன்னு கும்புட்டுக் கேட்டனே, யாரு எங்கம்மாவாண்ட சொன்னது?"

கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஏலக் குரலில் பாதிகூட இல்லை, ஆனாலும் அவன் அடங்கிப் போனான். "எனக்கு யாருடா சொல்லணும்? என் ஒடம்புல நடக்கறது எனக்குத் தெரியாதா? கூடைய மூடி வெச்சிக்கினு அம்மாக்கே ஏலம் வுடறியா நைனா? இங்க வந்து குந்து."

அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தமும் இருமும் சத்தமும் சேர்ந்து வந்தன.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழினியும் நானும் எண்ணூர் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்போம். முகத்துவாரத்தைப் பார்த்தபடி கயிற்றுக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்த கொடித்துணியை உதறிக்கொண்டே ரேகா எங்களுக்கு நண்டு வறுத்துக் கொடுப்பாள். தண்ணீர் கோத்தால் மகிழினி அங்கேயே எடுத்துவிடுவாள். வலிக்கு மருந்து தவறாமல் போய்ச் சேர்ந்தது. அக்கா நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சண்டை போட்டார்.

ஒருநாள் ஆட்டோ வைத்துக் காசிமேட்டுக்குக்கூடப் போய்வந்தார். நான் அங்கே இல்லை, தண்டபாணி சொன்னான். கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியில் உட்கார்ந்து ஒரு கூறு சங்கரா மீனை ஏலம் விட்டிருக்கிறார். பாதியில் குரல் நின்றுவிட்டது. அவசரத்துக்குப் பேர்போன அந்த வியாபாரிகள் ஒருவரும் பேசவில்லையாம், அவர் மூச்சைப் பிடித்து அடுத்த விலையைச் சொல்லும்வரை நின்றார்களாம்.

லாஞ்சு கடலில் இருக்கும் நாட்களில் நாங்கள் சினிமா, மீன் விலை, மகிழினிக்கு எப்போது கல்யாணம் என்றுதான் பேசுவோம். கரையில் இருக்கும்போதுதான் மற்றதெல்லாம். அப்படி ஒருமுறை தன் ஆசையைச் சொன்னார். "தடைக்காலத்துல போயிட்டா நல்லது. லாஞ்செல்லாம் கட்டிக் கெடக்கும். என் புள்ள எங்கியும் போவ மாட்டான்."

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை வந்து, காசிமேடு முழுக்க லாஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடந்தன. மே மாதம் ஒரு காலையில், வெயில் ஏறுவதற்கு முன், அவர் வீட்டில், அவர் கட்டிலில் அங்கம்மாக்கா போனார். தண்டபாணி கையால் தண்ணீர் கொடுத்தான். இரண்டு வாய் கேட்டவர் மூன்று வாய் குடித்ததாக ரேகா சொன்னாள். நான் போய் அழுதேன், மகிழினியும் அழுதாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு மனசு லேசாக இருந்தது. என் வேலையில் அதற்கு முன் ஒரு சாவுக்குப் பிறகு அப்படி இருந்ததில்லை.

மகிழினி அதற்குப் பிறகு எந்த நோயாளியையும் கேட்காமல் தாண்டிப் போனதில்லை. புதிதாக வரும் டாக்டர்களையும் விடமாட்டாள். டியூட்டி ரூம் கட்டிலில் என்னைப் படுக்கவைத்துக் கேட்டுப் பழகச் சொல்வாள். எத்தனை பேரிடம் நான் "எழுந்து போப்பா அப்பால" என்று சொல்லியிருக்கிறேனோ, கணக்கில்லை. ஆனால் கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டில் எப்போது கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளச் சொல்வாள். லாரி ஓட்டுகிறவர் வீட்டுக்கு ஒரு நேரம், நோன்பு வைத்திருப்பவருக்கு ஒரு நேரம்.

நான் வேலையிலிருந்து நிற்பதற்குக் கொஞ்சநாள் முன்பு நெட்டுக்குப்பத்திலிருந்து கெங்கம்மா என்று ஒரு மீனவர் வீட்டு அம்மா வந்திருந்தார். கல்லீரல் முற்றிப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த டாக்டர் எழிலன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அந்த அம்மா விறைத்துப்போய் உதட்டை இறுக்குவதை நான் பார்த்தேன். மகிழினியும் பார்த்தாள். அவன் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, "வூட்டுக்காரரு லாஞ்சு கரையில கீதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல டாக்டர். நாளான்னிக்குதான் வரும்."

"அப்ப நாளான்னிக்குப் பேசலாம். இன்னிக்குச் சாப்பாடு எறங்குதா, அத்த மட்டும் சொல்லுங்க."

கெங்கம்மா மகிழினியை உற்றுப் பார்த்தார். இறுக்கிப் பிடித்திருந்த போர்வையை விட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தார்.

லாஞ்சு வந்த அன்று நாங்கள் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, தானே மெல்ல நடந்து டியூட்டி ரூமுக்கு வந்தார். எழிலன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"லாஞ்சு வந்துடுச்சி டாக்டர்," என்றார். "கேளுங்க."